அளவு, அலகு, பிழை

தமிழில் பிழை என்னும் சொல்லின் மேல் எப்பொழுதும் குற்றத்தின் நிழல் விழுந்திருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தப்பட வேண்டியது; செய்த பிழை பொறுத்தருளப்பட வேண்டியது. எனவே, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 'பிழையைக் கணக்கிடுக' என்னும் கட்டளையை முதன்முறையாகக் காணும் மாணவர், தாம் எங்கோ தவறிவிட்டதாகவே எண்ணுகிறார். பாடநூலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று அச்சாகியிருக்கிறது. தமக்கு வந்ததோ 9.6. குறிப்பேட்டில் ஓர் எண்ணைச் சற்றே மாற்றினால் விடை 9.8 ஆகிவிடும். அவ்வாறு மாற்றிவிடும் பழக்கம் எந்த நாட்டுக்கும் தனியுரிமையன்று. நேர்மைக் குறைவை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்வது முறையாகாது. அளவீட்டில் பிழை என்பது யாது என்பதை அம்மாணவருக்கு நாம் விளங்கச் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணமாகும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே கருத்தை வழு என்னும் சொல்லால் வழங்குகின்றன. அச்சொல் நம் இலக்கண மரபிலிருந்து வந்தது. இலக்கணத்தார் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளைக் கூறுவர். விதிப்படி நிற்பது வழாநிலை. விதி பிறழ்வது வழு. பிறழ்ந்தும் தக்க காரணத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. அன்பு மிகுதியால் பசுவை 'அம்மா வந்தாள்' என்று உயர்திணையில் சொல்வது இம்மூன்றாவது வகை. விலகல் இருக்கிறது, அதன் காரணம் தெரிகிறது, அது எந்த அளவு வரை செல்லலாம் என்பதும் தெரிகிறது. இயற்பியலார் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ± என்னும் குறியிட்டு எழுதும் சிறிய எண்ணை நான் இந்த மூன்றாம் நிலையோடு ஒப்பிட்டே புரிந்துகொள்கிறேன். ஒப்புமையை மிக நீட்ட வேண்டியதில்லை. ஆனால், விலகலை ஒளிக்காமல் அதன் எல்லையைச் சொல்லி ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மை தமிழுக்குப் புதிதன்று என்பதை இது காட்டும்.

பிழைக்குள் செல்லுமுன் அளவையும் அலகையும் பார்த்துவிட வேண்டும்.

எண்ணும் அலகும்

நீளம், காலம், வெப்பநிலை, விசை போன்று அளந்து சொல்லத்தக்க பண்புகளை இயற்பியல் அளவுகள் என்கிறோம். இலங்கை வழக்கில் பௌதிகக் கணியங்கள். ஓர் அளவைச் சொல்ல ஓர் எண்ணும் ஓர் அலகும் வேண்டும். 'மேசையின் நீளம் 2' என்றால் ஒன்றும் சொன்னதாகாது. அலகு என்பது ஒப்பிடுவதற்காக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஓர் அளவு. ஒப்புக்கொண்ட என்னும் சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பூ விற்பவரின் முழம் அவருடைய கையின் நீளம். நெட்டையானவரிடம் வாங்கினால் நமக்கு ஆதாயம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிப்போர், இராசராசன் காலத்து அலுவலர்கள் இச்சிக்கலை எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தனர் என்பதைக் காணலாம். கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன் இத்தனை கழஞ்சு என்று சொல்வதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அது ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது என்றும், மணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன என்றும் பதிந்து வைத்தனர். நெல்லுக்கும் ஆடவல்லான் என்னும் பெயரில் ஒரு மரக்கால் இருந்தது. அது இராசகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்னும் குறிப்பும் உண்டு. எண், அலகு, அந்த அலகைத் தாங்கும் படிக்கல், அந்தப் படிக்கல் வேறெந்தப் படிக்கு ஒத்தது என்னும் செய்தி ஆகிய நான்கும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இன்றைய அளவீட்டு ஆய்வகம் தன் சான்றிதழில் தருவதும் ஏறத்தாழ இவைதாம். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி என்பது அக்கால வாய்பாடு. மஞ்சாடியும் குன்றியும் விதைகள்; ஒரு விதைபோல் மற்றொரு விதை இராது. அதனால்தான் பெயர் சூட்டிய கல் ஒன்று தேவைப்பட்டது.

நம் மூத்த தலைமுறையினர் இந்த மண்ணில் காத்தி, தாஹில், பிக்குல் என்று நிறுத்தவர்கள். 16 தாஹில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு காத்தி என்பது ஒன்றேகால் இறாத்தலினும் சற்று மிகுதி. செப்பமாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் இறாத்தல், அதாவது ஏறத்தாழ 604.8 கிராம். தைவானில் அதே உறவுடைய அலகு 600 கிராம். இன்றைய சீனப் பெருநிலத்திலோ 500 கிராம். ஒரே குடும்பப் பெயர், மூன்று அளவுகள். மலேசியாவும் சிங்கப்பூரும் 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியதன் தேவையை இந்த ஒன்றே விளக்கும்.

இன்று உலகம் ஒப்புக்கொண்டுள்ள முறையில் அடிப்படை அளவுகள் ஏழு: நீளம், நிறை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு. மற்றவை இவற்றிலிருந்து பெறப்படும் வழி அளவுகள். இப்பட்டியல் எல்லாப் பாடநூலிலும் இருப்பதால் அதில் நிற்க வேண்டியதில்லை. ஆனால், அதிலுள்ள நிறை என்னும் சொல்லில் சற்று நின்றாக வேண்டும்.

ஒரு சொல், இரண்டு பொருள்

ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு ஒன்று. அப்பொருளைப் புவி இழுக்கும் விசை மற்றொன்று. முன்னது கிலோகிராமிலும் பின்னது நியூட்டனிலும் அளக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் கூறுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் கூறுகின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கணிதநூல்கள் முன்னதைப் பொருண்மை என்கின்றன. ஆக, நிறை என்னும் ஒரே சொல் பாக்குநீரிணைக்கு இப்பால் ஒன்றையும் அப்பால் வேறொன்றையும் குறிக்கிறது. இருகரை நூல்களும் வந்துசேரும் நம் நூலகங்களில், அடுத்தடுத்த இரு நூல்களில் 'பொருளின் நிறை' என்னும் ஒரே தொடர் இரு வேறு அளவுகளைக் குறிக்கக்கூடும்.

இங்கே படிப்பவருக்குத் துணை நிற்பது அலகுதான். 'நிறை 50 கிலோகிராம்' என்று இருந்தால் நூல் எக்கரையது என்பது விளங்கிவிடும். 'நிறை 50 நியூட்டன்' என்றாலும் விளங்கிவிடும். அலகை எழுதாத மாணவரின் மதிப்பெண்ணை ஆசிரியர் குறைக்கும்போது அது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால், சொல் கைவிட்ட இடத்திலும் பொருளைக் காப்பாற்றுவது அந்த அலகே. இவ்வுரையில் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறேன். எவ்வழக்கு சிறந்தது என்னும் வழக்காட்டில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆயினும், ஒரு நூலுக்குள் ஒரு சொல் ஒரு பொருளையே தர வேண்டும் என்பதில் உறுதி உண்டு.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு நம் நாடுகளில் கைக்கெட்டும் செய்தி. புவியீர்ப்பு முடுக்கம் துருவத்தில் ஏறத்தாழ 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. இலண்டனில் 9.81. வில் தராசு ஒன்றை இலண்டனில் சரிபார்த்து, அப்படியே பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவந்து, ஒரு கிலோகிராம் அரிசியை வைத்தால் அது ஏறக்குறைய 997 கிராம் எனக் காட்டும். அரிசியில் ஒரு மணியும் குறையவில்லை. புவி இங்கே சற்று மெதுவாக இழுக்கிறது. வில் விசையை அளக்கிறது. முகப்பில் எழுதியிருப்பதோ கிலோகிராம். மின்னணுத் தராசுகளும் விசையையே உணர்கின்றன. ஆகையால்தான் அவற்றைப் பயன்படுத்தும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இருதட்டுத் தராசுக்கு இத்தொல்லை இல்லை. இரு தட்டிலும் இழுப்பு ஒரே விகிதத்தில் குறைந்துவிடுகிறது.

தவறு எது, பிழை எது

1983 சூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் அளவுகோல் இட்டு லிட்டர் கணக்கில் அளந்தனர்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக்க 0.803 ஆல் பெருக்க வேண்டும். கனடா அப்பொழுது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய விமானங்களுக்கு வழங்கிவந்த 1.77 என்னும் எண்ணையே எடுத்தாண்டனர். அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை இறாத்தல் என்று சொல்லும் எண். கணக்கு இவ்வாறு சென்றது: தொட்டியில் இருப்பது 13,597, இன்னும் வேண்டுவது 8,703, அதை 1.77 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,917 லிட்டர். அவ்வளவே ஊற்றினர். உண்மையில் ஊற்ற வேண்டியது ஏறத்தாழ 20,090 லிட்டர். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் எழுந்தது. நடுவானில் இயந்திரங்கள் நின்றன. விமானி அதைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட வான்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

இக்கணக்கின் பெருக்கலிலும் வகுத்தலிலும் குற்றமில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதியிருந்தால், 22,300 கிலோகிராமிலிருந்து 13,597 இறாத்தலைக் கழிக்கிறோம் என்பது தாளிலேயே தெரிந்திருக்கும்.

இது தவறு. அளவீட்டியல் பேசும் பிழை இதுவன்று. அலகை மாற்றி எழுதுதல், அளவுகோலைத் தலைகீழாகப் படித்தல், எண்ணைப் பிரதி செய்கையில் இடம் மாற்றுதல் ஆகியவை கண்டுபிடித்தவுடன் நீக்கத்தக்கவை. ± குறிக்குள் இவற்றை அடக்கி மன்னிப்புப் பெற முடியாது. பிழை என்பதோ எல்லாவற்றையும் செம்மையாகச் செய்த பின்னும் எஞ்சி நிற்பது. தமிழில் இவ்விரண்டுக்கும் இரண்டு சொற்கள் கையில் இருக்கின்றன. பேச்சு வழக்கில் அவற்றை மாற்றி மாற்றி ஆள்கிறோம். அறிவியல் வகுப்பறையிலேனும் பிரித்து ஆளலாம்.

ஊசலும் கைக்கடிகாரமும்

எஞ்சி நிற்பது எவ்வாறு என்பதை எளிய ஊசல் ஒன்றைக் கொண்டே பார்த்துவிடலாம். நூலில் சிறு குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறோம். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை நீளம் 100.0 சென்டிமீட்டர். அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு ஒரு மில்லிமீட்டர். எனவே நீளத்தில் 0.1 சென்டிமீட்டர் ஐயம் உண்டு. அது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 விழுக்காடு.

இனிக் காலம். நிறுத்துக் கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்கு வரை எண் காட்டுகிறது. மாணவர் அதை நம்பிவிடுகிறார். ஆனால், கண்டதும் விரல் அழுத்துவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அது சில வேளை முந்தும், சில வேளை பிந்தும். கருவியின் முகப்பில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது வேறு. அளவீடு எத்தனை இலக்கத்துக்குத் தகுதியுடையது என்பது வேறு. ஒரே ஓர் அலைவை அளந்தால் 2 நொடியில் 0.2 நொடி ஐயம், பத்து விழுக்காடு. புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் வாய்பாட்டில் அலைவுக்காலம் வர்க்கமாக வருவதால் ஐயம் இரட்டித்து இருபது விழுக்காடாகும். அந்த விடையால் பயனில்லை. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் 40.2 நொடி, ஐயம் அதே 0.2 நொடிதான். இப்பொழுது அது 0.5 விழுக்காடாகச் சுருங்குகிறது. செலவில்லாத இந்த உத்தியை மேம்பட்ட கருவி எதுவும் வெல்வது அரிது.

கணக்கிட்டால் ஓர் அலைவுக்கு 2.01 நொடி, முடுக்கம் 9.7716. கணிப்பான் தந்த இந்த நான்கு தசம இலக்கங்களையும் மாணவர் எழுதிவிடுவார். ஐயங்களைக் கூட்டிப் பாருங்கள்: நீளத்தால் 0.1, காலத்தால் இருமடங்கு 0.5, ஆக 1.1 விழுக்காடு, 9.77இல் அது ஏறத்தாழ 0.1. ஆகவே எழுதத்தக்கது 9.8 ± 0.1 என்பதே. எஞ்சிய இலக்கங்கள் அளந்து பெற்றவை அல்ல, வகுத்தலில் உதிர்ந்தவை. முக்கிய எண்ணுருக்கள் பற்றிய விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கேள்வியைக் கேட்பது எளிது: இந்த இலக்கத்தை நான் அளந்தேனா?

9.8 ± 0.1 என்னும் விடை ஓர் உண்மையைப் பணிவுடன் சொல்கிறது. இலண்டனின் 9.81உம் பினாங்கின் 9.78உம் இவ்வெல்லைக்குள் அடங்கும். அதாவது, இந்த ஊசலால் இலண்டனையும் பினாங்கையும் வேறுபடுத்த இயலாது. அதனால் இயலாதது எது என்பதை அதன் பிழையெல்லையே சொல்லிவிடுகிறது.

விரலின் தாமதம் போன்று முன்னும் பின்னுமாகச் சிதறுவது ஒழுங்கற்ற பிழை. மீண்டும் மீண்டும் அளந்து சராசரி கண்டால் அது குறையும். ஆனால் மெல்லவே குறையும். நான்கு முறை அளந்தால் பாதியாகும். பத்தில் ஒன்றாக்க நூறு முறை அளக்க வேண்டும். மற்றொரு வகை இதனினும் வஞ்சகமானது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல், நூல் முடியும் இடமாகிய குண்டின் தலை வரை அளந்துவிட்டதாகக் கொள்வோம். குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் எனில் நீளம் 99.0 ஆகும், முடுக்கம் 9.67 ஆகும். நூறு முறை அளந்தாலும் அதே பக்கம், அதே அளவு விலகும். இது முறைசார்ந்த பிழை. எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்திருக்கும்; எல்லாம் சேர்ந்து விலகியிருக்கும். எண்கள் நெருங்கி வருவது நுட்பம். உண்மையை நெருங்குவது துல்லியம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செய்துள்ள இந்தச் சொற்பிரிவு நன்று. நுட்பம் மிகுந்தும் துல்லியம் இல்லாத அளவீடுதான் மிகவும் ஏமாற்றுவது.

கயேனில் ஒரு கடிகாரம்

பிழையின் எல்லையை அறிந்தவர் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு, நம் அகலாங்கிற்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1672இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் ழான் ரிஷே என்னும் வானியலாளரைத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியது. செவ்வாய்க் கோளை நோக்கி அளப்பதே அவருக்கு இட்ட முதன்மைப் பணி. கயேன் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே உள்ளது. பினாங்கும் ஏறக்குறைய அவ்வாறே. பாரிசில் சரிபார்த்த ஊசல் கடிகாரம் அங்கே நாள்தோறும் இரண்டரை நிமிடம் போலப் பின்தங்கியது. நொடிக்கு ஒரு வீச்சாக அது மீண்டும் அடிப்பதற்கு ஊசலை ஒன்றேகால் இலைன் குறைக்க வேண்டியிருந்தது. இலைன் என்பது பழைய பிரெஞ்சு அலகு. ஒன்றேகால் இலைன் நம் கணக்கில் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர்.

ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த ஊசலில் 2.8 மில்லிமீட்டர். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட எவருக்கும் தோன்றும். ரிஷே அவ்வாறு தள்ளவில்லை. பத்து மாதங்களாக, வாரந்தோறும் பலமுறை, அதே சோதனையைச் செய்தார். ஒழுங்கற்ற சிதறலாக இருந்திருப்பின் அது சில வாரங்களில் முன்னும் பின்னுமாகி மறைந்திருக்கும், மறையவில்லை. அப்படியானால் முறைசார்ந்த பிழையோ? வெப்ப நாட்டில் உலோகத் தண்டு விரியுமே. விரிந்தால் ஊசல் நீண்டு கடிகாரம் பின்தங்குமே என்னும் ஐயம் எழுந்தது. ஒரு மீட்டர் இரும்புத் தண்டு ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் விரியும். பாரிசைவிடக் கயேன் 15 பாகை வெப்பம் மிகுந்தது என்று கொண்டாலும் விரிவு 0.18 மில்லிமீட்டர்தான்; கண்ட வேறுபாட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. நியூட்டனும் வெப்ப விரிவைக் கருத்தில் கொண்டு பார்த்து, அது மட்டும் போதாது என்று முடிவு செய்தார். எஞ்சியதற்கு ஒரே விளக்கம், அங்கே புவியின் இழுப்பு குறைவு என்பதாகும். புவி முழு உருண்டையன்று, துருவங்களில் தட்டையாகவும் நடுவில் புடைத்தும் இருக்கிறது என்னும் தம் வாதத்துக்கு 1687இல் வெளிவந்த நூலில் அவர் இந்த ஊசலையும் சான்றாக வைத்தார்.

நொடி ஊசலில் 2.8 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 0.28 விழுக்காடு. இன்றைய மதிப்புகளைக் கொண்டு பாரிசுக்கும் கயேனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் 0.29 விழுக்காடு வருகிறது. பாரிசில் கண்ட எண்ணே இங்கும் வரவேண்டும் என்று கருதி ரிஷே தம் குறிப்பேட்டைத் திருத்தியிருந்தால், அந்தச் சான்று நியூட்டனுக்குக் கிட்டியிராது.

படிக்கல்லும் மாறினால்

அளக்கும் கோலே மாறினால் என்செய்வது? கிலோகிராமுக்கு இது நேர்ந்தது. 1889 முதல் பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரில் வைக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராம் எனப்பட்டது. அதன் படிகள் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் உருளைக்கும் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அளவு வேறுபாடு தோன்றியது. உருளை குறைந்ததா, படிகள் கூடினவா என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் வரையறைப்படி உருளை எப்பொழுதும் சரியாக ஒரு கிலோகிராம். 2019 மே 20 முதல் கிலோகிராம், பிளாங்க் மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பை வகுத்து அதன்வழி வரையறுக்கப்படுகிறது. மீட்டர் அதற்கு முன்பே ஒளியின் வேகத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டது: ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியில் செல்வது 299,792,458 மீட்டர், கூடவோ குறையவோ இல்லை. இவ்வெண்களுக்குப் பிழையெல்லை கிடையாது. அவை அளக்கப்பட்டவையல்ல, ஒப்புக்கொள்ளப்பட்டவை. பிழை ஒழிந்துவிடவில்லை, அந்த வரையறையைக் கொண்டு உண்மையான ஒரு படிக்கல்லைச் செய்யும் ஆய்வகத்துக்கு அது இடம்பெயர்ந்திருக்கிறது.

அளந்தே தீரவேண்டிய மாறிலி ஒன்று இன்னும் உண்டு. இரு பொருள்களிடையே உள்ள ஈர்ப்பை 1798இல் என்றி கேவண்டிசு முறுக்குத் தராசு கொண்டு அளந்தார். புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்பது அவர் வெளியிட்ட முடிவு. பின்னாளில் பிரான்சிசு பெய்லி அந்த 29 அளவீடுகளையும் மீண்டும் கூட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் 4.88 என்பதை 5.88 என்று எடுத்துக்கொண்டு கேவண்டிசு சராசரி கண்டிருந்தார். திருத்திய சராசரி 5.448. இன்று நாம் ஏற்கும் மதிப்பு 5.51. தவறான கணக்கே உண்மைக்குச் சற்று அருகில் இருந்தது என்பது வேடிக்கைதான். ஆயினும் எந்த நூலாசிரியரும் அதனால் 5.48ஐ மேலென்று கொள்ளவில்லை. எண்ணை மாற்றி 9.8ஐ அடைந்த மாணவருக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஈர்ப்பு மாறிலியைப் பன்னாட்டு அட்டவணை 2018இல் 6.67430(15) என்று அச்சிட்டது. பத்தின் அடுக்கு இங்கே வேண்டியதில்லை. அடைப்புக்குள் உள்ள 15, கடைசி இரண்டு இலக்கங்களின் பிழையெல்லை. மற்ற பல மாறிலிகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய ஐயம். அண்மைப் பத்தாண்டுகளில் வெவ்வேறு ஆய்வகங்கள் இம்மாறிலியை மிகுந்த நுட்பத்துடன் அளந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் முடிவுகள் தத்தம் பிழையெல்லைகளுக்கு வெளியே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒவ்வோர் ஆய்வகமும் தன் எல்லையை வெளிப்படையாக எழுதியிருப்பதால்தான் அம்முரண்பாடு புலனாகிறது. எங்கோ ஒரு முறைசார்ந்த பிழை ஒளிந்திருக்கிறது. அது யாருடைய கருவியில் என்பது இன்னும் பிடிபடவில்லை.